நடுவில் இருந்த நிறம்

சவம் அலங்கரிக்கும் மலர்ச்சாலைக்காரன் சாள்ஸ் எடுத்து வைத்திருந்த முகப்பூச்சைக் கண்டதும் எனக்கு எரிச்சல் வந்தது. வெளிறிப்போன ரோஸ் நிறம். எந்தச் சவத்துக்கும் அவனிடம் அது ஒன்றுதான். போன வருடம் என் பெண்சாதி கத்தரினாவின் அக்காவுக்கும் அதைத்தான் அப்பினான். பெட்டிக்குள் கிடந்தது அக்கா இல்லை, கோயில் மாதா சுரூபம். அடக்கம் முடிந்து வரும் வழியில் கத்தரினா சொன்னாள்: "என்னையும் இப்பிடி வெள்ளையடிக்க விட்டீங்களெண்டா எழும்பி வருவன், பாத்துக்கொள்ளுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இப்போது அவளே கிடக்கிறாள். அவள் நல்ல கறுப்பு. சனம் கடைசியாகப் பார்க்கும் முகம் அவளுடைய முகமாக இருக்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

சாள்ஸ் அவள் கைகளைக் கழுவித் துடைத்து வெள்ளைக் கையுறை மாட்டினான். மணிக்கட்டில் பொத்தான் பூட்டும்வரை பக்கத்திலேயே நின்றேன். மோதிரம் விரலில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. பிறகு, முகத்தைத் தொடாதே, சாமான் நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கற்பிட்டிக் கடைத்தெருவுக்குப் போனேன்.

சண்டை முடிந்து, ஆலங்குடாக் கடலில் வெள்ளைக்காரர் பட்டத்தில் தொங்கிச் சறுக்கத் தொடங்கிய பிறகு திறந்த கடை அது. அழகுச் சாமான் மட்டும்தான். றைஸா என்ற பெண் நடத்துகிறாள். பெண்சாதிக்கு முகப்பூச்சு வேண்டும் என்று மட்டும் சொன்னேன். செத்த வீடு என்று தெரிந்தால் விலையை ஏற்றிவிடுவார்கள்.

றைஸா என் தோளுக்கு மேலால் வாசலைப் பார்த்தாள். "மாமிய உள்ளுக்கு வரச் செல்லுங்க மாமா. நெறம் பாக்காமக் குடுக்க ஏலா."

திரும்பினேன். வாசலில் வெயில்தான் இருந்தது. எதிரே லொறியில் கருவாட்டு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தெருவில் போன யாரையோ சொல்கிறாள் என்று நினைத்து, அவள் வரமாட்டாள் என்றேன். அது பொய்யில்லை. கத்தரினா எந்தக் கடைக்குள்ளும் வருகிறவள் இல்லை. நம் ஆசையைக் கண்டால் கடைக்காரன் விலையைக் கூட்டுவான் என்று வாசலிலேயே நிற்பாள். நான் சாமானைத் தூக்கிக் காட்ட, வேண்டும், வேண்டாம் என்று தலையை ஆட்டுவாள். சேலையும் சட்டியும் அப்படித்தான் வாங்கினோம்.

முகத்தில் பூசும் பிறஷ் இருந்த மூலைக்குப் போனேன். வள்ளத்துக்குப் பெயின்ற் அடித்துப் பிழைத்தவன் நான், பிறஷில் என்னை ஏமாற்ற முடியாது. கட்டாக விற்கும் மலிவுச் சாமானை இழுத்தேன், மயிர் கையோடு வந்தது. தங்கப் பிடி போட்டது விலை கூடியது, கன்னத்தில் தும்புக்கட்டை மாதிரிக் குத்தியது. கறுப்புப் பிடி வைத்த ஒன்று, எவ்வளவு இழுத்தும் ஒரு மயிர் வரவில்லை. உள்ளங்கையில் அழுத்தினால் மடிந்து நிமிர்ந்தது. விலையும் நியாயம். எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

மேசையில் மூன்று பூச்சுப் போத்தல்கள் திறந்திருந்தன. றைஸா விரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாசல்ல வெச்சு மாமிட கைல மூணையும் பூசிப் பாத்தன். ஓரத்துல பூசின ரெண்டும் வெளிறித் தெரியிது. நடுவுல உள்ளது தோலோட போயிட்டுது. வெல கூடினதுக்கு வாணாமெண்டு தலைய ஆட்டிட்டாங்க. போத்தலத் திருப்பித் திகதி பாத்து, மணந்தும் பாத்துத்தான் இத எடுத்தாங்க."

எங்கே அவள் என்று கேட்டேன். இப்போதுதான் வாசலைவிட்டு இறங்கினாள் என்றாள்.

வியாபாரத் தந்திரமாக இருக்குமோ என்று நினைத்தேன். ஆனால் அவள் நீட்டிய போத்தல் மூன்றிலும் விலை குறைந்தது. ஏமாற்றுகிறவள் கூடினதையல்லவா என் தலையில் கட்டுவாள்? காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஓட்டோவில் வரும்போது நானும் போத்தலைத் திருப்பித் திகதியைப் பார்த்தேன்.

ஆனாலும் நான் நம்பவில்லை. சாள்ஸிடம் சொன்னேன்: "முகத்தில வைக்காத. முதல்ல கையில பூசிப் பார்."

அவன் பொத்தானைக் கழற்றிக் கையுறையை உருவினான். உருவியவன் அப்படியே நின்றான்.

புறங்கையில் இரண்டு கோடுகள். விரலால் இழுத்த, வெளிறிய கோடுகள். நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. குனிந்து பார்த்தால் அங்கேயும் ஒரு கோடு இருந்தது, தோலோடு தோலாக.

"அண்ணன், நான் கழுவித்தானே போட்டன்," என்றான் சாள்ஸ். "நீங்களும் நிண்டீங்கதானே."

"ஓம், நிண்டன். நீ பூசு."

கறுப்புப் பிடிப் பிறஷால் பூசினான். பூசியதே தெரியவில்லை. கத்தரினா கத்தரினாவாகவே கிடந்தாள். பார்க்க வந்த சனம், நித்திரை கொள்கிற மாதிரி இருக்கிறாள் என்றது.

பெட்டியை மூடும்வரை நான் தலைமாட்டிலேயே இருந்தேன். வாசல் எனக்குப் பின்னால் இருந்தது. ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அங்கே நின்று அவள் சரி என்று தலையை ஆட்டுகிறாளோ, வேண்டாம் என்று ஆட்டுகிறாளோ, பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.