பிரெண்டு உச்சியில் படையல்

துப்பாக்கிப் போலீஸ்காரர்கள் காளிமுத்துவின் கைகளைக் கட்டி ஆபீஸ் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அவன் பையிலிருந்து எடுத்த வாழை இலைக் கிழிசல் என் மேசைமேல் கிடந்தது, நாலைந்து பருக்கை ஒட்டியபடி. மலாயாவில் அவசரகாலச் சட்டம் வந்த பிறகு எங்கள் தோட்டத்தில் வெந்த சோறு கம்பிவேலியைத் தாண்டக்கூடாது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். ரப்பர் மரத்தைக் கீறிக் கித்தாப் பால் எடுக்கிறவர்கள் விடியலில் வெறும் வயிற்றோடு கேட்டைத் தாண்டி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்துதான் கஞ்சி குடித்தார்கள். இந்த லட்சணத்தில் இவன் எப்படியோ ஒரு பிடிச் சோற்றை மலையுச்சியில் வைத்துவிட்டு, பொட்டலத்தின் மேல் இலையைத் தூக்கிப் போடாமல் திரும்பி வந்து, கேட்டில் நடந்த சோதனையில் மாட்டிக்கொண்டான். மடையன்.

“முனியாண்டிக்குத்தான் ஐயா வச்சேன். வேற யாருக்கும் இல்லலா. பிரெண்டு உச்சியில போயி பாக்கச் சொல்லுங்க.”

நான் கொர்னேலியஸ், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன். முனியாண்டிக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஆனாலும் அவன் சொன்னதை ஆங்கிலத்தில் இன்ஸ்பெக்டரிடம் சொல்வது என் வேலை. எதற்காகப் படையல் என்பதும் தெரியும். அவன் பெண்சாதி மங்களத்துக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. மூன்றாவது இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தது. எங்கள் தோட்டத்து வழக்கப்படி, வெள்ளிக்கிழமை உச்சிக் கல்லில் வைத்த சோற்றை மதியத்துக்குள் காக்கையோ அணிலோ தொட்டால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். சட்டத்தின்படியோ அவனைத் தடுப்பு முகாமில் போட்டு, அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிடலாம். மங்களம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தூணோரம் நின்றாள்.

இன்ஸ்பெக்டர் இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்த பையன். பிரெண்டு என்றால் என்ன, வரைபடத்தில் அப்படி ஒரு இடமே இல்லையே என்று கேட்டார். படத்தில் அந்த மலைக்கு வெறும் நம்பர்தான். முன்னால் இருந்த ஸ்காட்லாந்துத் துரை ஒருவர் வைத்த பெயர் அது. நான் செங்குத்து என்று அர்த்தம் செய்துகொண்டு அதோடு விட்டிருந்தேன். இப்போதைய பெரிய துரையும் அந்த ஊர்க்காரர்தான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர், அது எங்கள் பழைய சொல் என்றார்.

நிமிர்ந்து நிற்கிற மலைக்கு அப்படிச் சொல்வார்களாம். ஆனால் மலைக்கு மட்டும் இல்லையாம். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பாட்டுகளில் கடலில் உயர்ந்து நிற்கும் கப்பலுக்கு அந்தச் சொல்லின் மூத்த வடிவம் வருகிறதாம். வடகடலுக்கு அக்கரையில் இருப்பவர்களும் அதையே கொஞ்சம் மாற்றி வைத்திருக்கிறார்களாம். பிறகு சுருக்கம் விழாத உயர்ந்த நெற்றிக்கும் அதே சொல். “தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்து என் அம்மா சொல்வாள்,” என்றார். சொல்லிவிட்டு மங்களத்தைப் பார்த்தார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. கப்பலுக்கும் மலைக்கும் குழந்தையின் நெற்றிக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் எதைக் கண்டு அப்படி மலைத்து நின்றிருப்பார்கள்? யாரோ எங்கோ சொன்ன வார்த்தை இத்தனை கடல் தாண்டி பெம்பான் பக்கத்துக் கித்தாக் காட்டுக்கு வந்து, ஏபிசிடி தெரியாத காளிமுத்துவின் வாயில் புழங்குகிறது. அவனுக்கு அதைத் தமிழில் சொன்னேன்.

“சரியாத்தான வச்சிருக்காங்க. அது முன்னால போயி நின்னா கும்புடாம எப்படி ஐயா ஏர்றது?” என்றான்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். போய்ப் பார்ப்போம், சோறு வைத்தது வைத்தபடி இருந்தால் விட்டுவிடுகிறேன், இல்லையென்றால் யாரோ தின்றிருக்கிறார்கள் என்றார். நான் சொல்லி முடித்ததும் மங்களம் கைகூப்பினாள். ஒவ்வொரு வெள்ளியும் சாமி சாப்பிடவேண்டும் என்று விரதம் கிடந்தவள்.

“முனியாண்டி, இன்னைக்கு மட்டும் தொட்ராதப்பா.”

மலையடிவாரத்தில் துரை நின்றுவிட்டார், முழங்கால் ஒத்துழைக்காது. அதற்குமேல் நான்கு கால்களால்தான் ஏறமுடியும் என்று கண்டதும் இன்ஸ்பெக்டரே காளிமுத்துவின் கட்டை அவிழ்த்துவிட்டார். மண் மார்பில் உரசியது. வேரைப் பிடித்து, கல்லைப் பிடித்து, மூச்சு முட்ட ஏறினோம். கிராணி வேலையில் நான் ஒருநாளும் மேலே வந்ததில்லை; இந்தச் சரிவில் இந்த ஜனங்கள் தினம் பால் வாளியோடு இறங்குகிறார்கள் என்று நினைக்கவே பயமாக இருந்தது. பாதி வழியில், முனியாண்டிக்கு இன்றைக்குப் பசிக்கக்கூடாது என்று நானே வேண்டிக்கொண்டிருந்தேன். பாதிரியார் மன்னிப்பாராக.

உச்சியில் தலையைத் தூக்கினால் மெர்லிமாவ் பக்கத்துக் கடல் அப்படியே எழுந்து நின்றது. கல்லின் முன்னால் இலை இருந்தது. இலையில் சோறு, பிடித்து வைத்த விரல் தடம்கூடக் கலையாமல்.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டு, நீ வீட்டுக்குப் போகலாம் என்றார். நான் தமிழில் சொல்லியும் காளிமுத்து நகரவில்லை. கல்லின் முன் குந்தி உட்கார்ந்துவிட்டான்.

“தொடவே இல்லையே ஐயா,” என்றான். “இந்த வாட்டி பாத்து தொடலையே. அவளுக்கு நான் என்னா சொல்வேன்?”

அவன் தோள்கள் குலுங்கின. அவன் ஏன் அழுகிறான் என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்; மதியத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. தன் ஆட்களுக்குக் கைகாட்டினார். எல்லோரும் கல்லைவிட்டு விலகி, மரங்களுக்குப் பின்னால் சரிவில் குப்புறப் படுத்துக்கொண்டோம். நான், இன்ஸ்பெக்டர், துப்பாக்கிக்காரர்கள் மூன்று பேர், கடைசியில் காளிமுத்து.

அவன் கா, கா என்று கூப்பிட்டான். வெகுநேரம் கழித்து எதிர்க்கிளையில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து சோற்றைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது. துப்பாக்கிக்காரர்களில் ஒருவன் தும்மல் வராமலிருக்க மூக்கை இறுகப் பொத்திக்கொண்டான்.