தங்கூசியும் ரப்பர் தவளையும்

இப்போதெல்லாம் ஆட்களுக்கு ஒரு சாமான் வாங்கத் தெரியாது. கையில் எடுத்துப் பார்ப்பதில்லை, இழுத்துப் பார்ப்பதில்லை, பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பதில்லை. போனை நீட்டுகிறார்கள். போனில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் நல்ல நூல் என்று சொல்லிவிட்டால் அது நல்ல நூல். அவன் மூஞ்சியைச் சுளித்தால் அது குப்பை. கொடகவெல பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கடை வாசலில் நின்றுகொண்டு மருதமுத்து இதைத்தான் நினைத்து எரிந்துகொண்டிருந்தார்.

உள்ளே, மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு வாலிபர்கள் கவுண்டரில் போனை வைத்திருந்தார்கள். படத்தில் அமெரிக்காக்காரன் ஒருவன் படகில் நின்று பாஸ் என்று ஏதோ ஒரு மீனைத் தூக்கிக் காட்டினான்.

“இதே நூல்தான் வேணும். இதே கலரு.”

“எங்க போடப் போறீங்க?” என்று கேட்டாள் கடையைப் பார்த்துக்கொள்ளும் ஸில்மியா.

“சமனலவாவியில. ஆழத்துல ஜிக் எறக்கப் போறோம்.”

“அப்ப இது சரிவராது. அது தெளிஞ்ச தண்ணி. ஈயத்தல வச்ச ஜிக் ஊசி அடிக்குப் போகணும், மீன்ட கண்ணுக்கு நூல் தெரியக் கூடாது. இந்தக் கண்ணாடி நூலக் கொண்டு போங்க. நீங்க காட்டுற பின்னின நூல், பாசிக்குள்ள ரப்பர் தவள இழுக்கிறவங்களுக்கு.”

“நூலுலயும் சாதி வந்துருச்சா?” என்றார் மருதமுத்து வாசலிலிருந்து.

ஸில்மியா சிரித்தாள். “வாங்க மருத மாமா. வாப்பா உள்ளுக்குத்தான் ஈக்கிறார். வெடியக்காலயில இருந்து ஒங்களத்தான் கேக்கிறார்.”

ஆணிப் பெட்டிகளுக்கும் பச்சை ஹோஸ் சுருள்களுக்கும் நடுவே, சக்கர நாற்காலியில் மஷூர் உட்கார்ந்திருந்தார். சீனி வருத்தத்தில் போன வருஷம் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்துவிட்டார்கள். வாய் மட்டும் பழைய மாதிரியேதான் இருந்தது. மருதமுத்துவுக்கு அவர் எப்போதும் நானா, அதாவது அண்ணன்.

“என்ன மருதை, புடிச்சியா?”

“புடிச்சிருந்தா வெறுங்கையோடயா வருவேன்?”

“கவ்வினதா?”

“ரெண்டு தரம் கவ்விச்சு. ரெண்டு தரமும் துப்பிருச்சு. நானா, நான் சின்ன வயசிலருந்து ரப்பர் பால் வெட்டினவன். ரப்பர் திங்கிற மீன நான் பார்த்ததில்ல. அதுக்கும் ருசி தெரியுமில்ல?”

அந்த மீன் ஒரு லூலா. தோட்டத்து ஆட்கள் வெரால் என்பார்கள். பழைய ரப்பர் மலைக்குக் கீழே, மாணிக்கக்கல் தோண்டி அப்படியே விட்டுப்போன ஒரு பெரிய குழி இருக்கிறது. மழைத்தண்ணீர் நிறைந்து, பாசியும் அல்லிக்கொடியும் மூடி, அது குளமாகவே ஆகிவிட்டது. மஷூர் சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு தோட்டத்து லயக் குடியிருப்புகளுக்கு யாவாரம் வந்த காலத்தில், மூட்டைக்குள் சேலைகளுக்கு அடியில் தங்கூசி என்கிற நைலான் தூண்டில் நூல் சுருள் ஒன்றும் இருக்கும். பால் வெட்டு முடிந்து மருதமுத்து வாளியைக் கொட்டிவிட்டு வருவார். இரண்டு பேரும் குழிக்குப் போய்விடுவார்கள். சேலை வாங்கக் காத்திருந்த பெண்கள் மஷூரைத் திட்டாத திட்டில்லை. மருதமுத்துவின் சம்சாரமே ஒரு தரம், “துணிக்காரரு துணிய வித்தாரா, மீன வித்தாரா?” என்று கேட்டிருக்கிறாள். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். குழி மட்டும் இருந்தது.

அந்தக் குழியில்தான் மஷூர் ஒரு பெரிய லூலாவைக் கரைவரை கொண்டுவந்து தவறவிட்டார். அப்போதிருந்து அந்த மீனைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. இவ்வளவு காலம் ஒரே மீன் உயிரோடு இருக்குமா, இது அதன் பிள்ளையா பேத்தியா என்றெல்லாம் இரண்டு பேரும் யோசித்ததே இல்லை. குழிக்குள் ஒரு பெரிய மீன் இருந்தது. அது மஷூர் நானாவின் மீன்.

இப்போது அந்தக் காணியை ஒரு முதலாளி வாங்கியிருந்தான். குழியைத் திரும்பவும் தோண்டப் போகிறான். திங்கட்கிழமை பம்ப் வைத்துத் தண்ணீரை இறைக்கப் போவதாகச் செய்தி வந்திருந்தது.

“தண்ணி வத்தினா எவன்டயாவது சட்டிக்குப் பெய்த்துரும்,” என்றார் மஷூர். “எனக்கு அதத் திங்க வேணாம் மருதை. ஒருக்காப் பார்த்தாப் போதும். கொண்டு வந்து காட்டிப்போட்டு ஆத்துல உட்டுரு. இந்தக் காலோட நான் அந்த எறக்கத்துல எறங்க ஏலுமா?”

“ஒரு தவளையக் கோத்துப் போட்டா இன்னைக்கே கொண்டாந்துருவேன்.”

“அது மட்டும் ஏலாது. தவளையக் கோத்துப் புடிச்சா எனக்குக் காட்ட வேணாம்.”

இது பழைய சண்டை. மக்காவுக்குப் போய் வந்த பிறகு மஷூர் உயிரோடு ஒரு தவளையையும் தூண்டிலில் கோப்பதில்லை. உயிரை ஊசியில் குத்தி வேடிக்கை பார்க்கக் கூடாது என்பார். “மீன் மட்டும் உயிரில்லையாக்கும்” என்று மருதமுத்து எத்தனையோ தரம் கேட்டாகிவிட்டது. மஷூர் ரப்பர் தவளை வாங்கினார். கொஞ்ச நாளில் ரப்பர் புழு, ஜிக் என்று கடையில் ஒரு தட்டே நிறைந்துவிட்டது.

“மாமா, ஒங்கட தங்கூசி இழுபடும்,” என்றாள் ஸில்மியா. வாலிபர்களை அனுப்பிவிட்டு வந்திருந்தாள். “நெசத் தவளைய மீன் முழுங்கிரும், நீங்க ஆறுதலா, மெதுவா இழுக்கலாம். இது ரப்பர். வாயில வச்ச ஒடன துப்பப் பாக்கும். தங்கூசி இழுபட்டு நீங்க உலுப்புறதுக்குள்ள அது துப்பிரும். பின்னின நூல் இழுபடாது. பாசியையும் அறுத்துக்கொண்டு வரும்.”

“சட்டைக்குப் பொத்தான் தைக்கிற நூலு மாதிரி இருக்கு. இதுல மீனா?”

மருதமுத்து நூலை விரலில் சுற்றி இழுத்தார். விரல் சிவந்ததே தவிர நூல் அசையவில்லை. பல்லில் வைத்துக் கடித்தார். வழவழவென்று நாக்கில் பட்டது. அவருக்குப் பிடிக்கவில்லை.

“வழுக்குது நானா. வழுக்குற எதையும் நம்பக் கூடாது.”

“கொண்டா இங்க. என்ட தூண்டில எடு.”

மஷூர் தன் தூண்டிலை மடியில் போட்டுக்கொண்டு, நூலின் நுனியை ரப்பர் தவளையின் வளையத்தில் கோத்தார்.

“வாப்பா, இந்த நூலுக்கு அந்த முடிச்சு சரிவராது,” என்றாள் ஸில்மியா. “ரெட்டையாக் கோத்து வேற மாதிரிக் கட்டணும். தாங்க, நான் கட்டுறன்.”

“நீ பொறக்கிறதுக்கு முந்தி நான் போட்ட முடிச்சு இது. போ, கடையப் பாரு.”

நூலைச் சுற்றினார், எச்சில் தொட்டார், ஒரு இழுப்பு இழுத்தார். அந்த இழுப்பைப் பார்த்ததும் மருதமுத்துவுக்கு ஈர மண் வாசம் வந்தது. சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் குந்தியிருக்கும் மஷூர், வாயின் ஓரத்தில் தங்கூசி, தலையில் சும்மாடு மாதிரி சுற்றிய ஒரு விற்காத சேலை. எல்லாம் வந்து போனது. மருதமுத்துவின் தூண்டிலுக்கும் எப்போதும் மஷூர்தான் முடிச்சுப் போடுவார். மரத்தில் பால்கோடு கீறும் அந்தக் கைக்கு நூல் முடிய வராது.

“போ,” என்றார் மஷூர். “அசையாது.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மருதமுத்து குழிக்கரையில் நின்று தவளையை அல்லி இலைகளுக்கு மேல் எறிந்தார். அது இலையில் விழுந்து, வழுக்கி, இரண்டு ரப்பர்க் காலையும் உதறிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. பார்க்க அசல் தவளைதான். அதுவே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

இரண்டாவது இழுப்பில் தண்ணீர் வெடித்தது.

உலுப்பினார். அந்தப் பிள்ளை சொன்னது பொய்யில்லை. மீனின் பாரம் நேராக மணிக்கட்டில் வந்து இறங்கியது. தங்கூசியில் மீன் தூரத்து ஆள் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். இதில் கையைப் பிடித்தே இழுத்தது. மீன் பாசிக்குள் பாய்ந்தது. நூல் பாசியைச் சரசரவென்று அறுத்துக்கொண்டு போனது. கிழவர் சேற்றில் காலை ஊன்றி, பல்லைக் கடித்து, ரீலைச் சுற்றினார். வாயில் வந்த கெட்ட வார்த்தை எல்லாம் வந்தது.

கரையோரம் அது ஒரு தரம் புரண்டது. கருத்த முதுகு, வெள்ளை வயிறு, பாம்புத் தலை. அவருடைய தொடைக்குச் சரியாக இருந்தது. வாயோரத்தில் தவளை தொங்கியது.

“நானா!” என்று கத்தினார், பக்கத்தில் யாரும் இல்லை என்பதை மறந்து.

குனிந்து கையை நீட்டினார். அப்போது தூண்டில் லேசாகிவிட்டது.

சத்தமே இல்லை. தங்கூசி அறுந்தால் சுளீர் என்று ஒரு சத்தம் கேட்கும். இதில் ஒன்றுமில்லை, பாரம் இருந்தது, பிறகு இல்லை. தண்ணீர் கலங்கி அடங்கியது. நூலை இழுத்து நுனியைப் பார்த்தார். அது அறுந்திருக்கவில்லை. நுனி கொடித்தளிர் மாதிரிச் சுருண்டு சுருண்டு இருந்தது. முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருந்தது.

மருதமுத்து மழை தொடங்கும்வரை அந்தச் சுருளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை வாயில் வைத்து, கடைவாய்ப் பல்லால் கடித்து அறுத்துத் துப்பினார். ஒரு கடியில் அது அறுபடவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே பம்ப் வந்துவிட்டது. மருதமுத்து ஒரு பெயின்ட் வாளியோடும் ஈரச் சாக்கோடும், திருப்பிக் கொடுக்க வேண்டிய மஷூரின் தூண்டிலோடும் கரையில் குந்தியிருந்தார். தண்ணீர் இறங்க இறங்கத் திலாப்பியாக்கள் துள்ளின. வேலையாட்கள் சேற்றில் இறங்கிக் கூச்சல் போட்டுப் பிடித்தார்கள். கடைசியாக, அடிச்சேற்றில் ஏதோ நெளிந்தது. ஒருவன் இரண்டு கையாலும் அதை அள்ளித் தூக்கினான்.

“சீயா, மேக்க பலன்ன!” இதைப் பாருங்கள் தாத்தா என்று சிங்களத்தில் கத்தினான். “கட்டே கெம்பெக்!”

அவன் சொன்ன மாதிரியே மீனின் வாயில் தவளை, அந்த ரப்பர் தவளை தொங்கியது. வளையத்தில் நூல் ஒரு துண்டுகூட இல்லை.

மருதமுத்து வேட்டியைத் தூக்கிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கிவிட்டார். அது தன் மீன், தன் தவளை, தான்தான் நேற்றுக் கொளுவியது என்று சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சொன்னார். அவன் சிரித்தான். காலில்லாத சிநேகிதன் ஒருவனுக்குக் காட்ட வேண்டும் என்று சொன்னபோது சிரிப்பை நிறுத்தினான். மீனை வாளியில் போட்டு, தண்ணீரும் அவனே ஊற்றிக் கொடுத்தான்.

தோட்டத்து ரோட்டுக்கு ஏறியதும் மருதமுத்து வாளியை இறக்கி வைத்தார். இப்படியே கொண்டுபோனால் மஷூர் முதலில் மீனைப் பார்ப்பார், அடுத்ததாகத் தவளையைப் பார்ப்பார். அந்த வெறும் வளையத்தைப் பார்த்தால் அவருக்கு விளங்கிவிடும். காலை எடுத்தபோதுகூட அந்த மனிதன் கையைத் தூக்கிக் காட்டி, “இது ஈக்கிதுதானே, போதும்” என்று சொன்னவர்.

மருதமுத்து மீனின் வாயைப் பிளந்து, தவளையைத் திருகிக் கழற்றி, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பஸ்ஸில் வாளி ஆடியது. “ஐயா, மீனுக்கும் டிக்கட் போடவா?” என்று கேட்டான் கொண்டக்டர். “அது நிண்டுக்கிட்டே வரும், ஒன் வேலையப் பாரு,” என்றார் மருதமுத்து.

கடையில் மஷூருடைய காலடியில் வாளியை வைத்துச் சாக்கை விலக்கினார். மஷூர் குனிந்து பார்த்தார். மீன் ஒரு தரம் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு இறங்கியது.

“கெழண்டு பெய்த்தீக்கி,” என்றார் மஷூர். “என்னப் போலவே.”

“ஒனக்கு இந்த அழகு ஏது?”

மஷூர் கையை விட்டு மீனின் முதுகைத் தடவினார். பிறகு வாயோரத்தைத் தடவினார். அங்கே ஓட்டை இருந்தது.

“கொளுவினியா இத?”

“நேத்தே கொளுவினேன். கரைக்கே வந்துருச்சு. ஒன் நூலு அறுந்துருச்சு.”

“அறுந்ததா?” மஷூர் நிமிர்ந்தார். “அம்பது ராத்தல் தாங்கிற நூல்!”

“அம்பதோ நூறோ. அறுந்துருச்சுன்னா அறுந்துருச்சு. முடிச்சு கிண்ணுனு இருந்துச்சு, தவளையோட. நூலுதான் குப்பை. தவளைய அது எங்கயோ துப்பிருச்சு.”

மருதமுத்து மூலையில் சாத்தியிருந்த தூண்டிலை ஸில்மியா எடுத்தாள். நூலின் நுனியைப் பார்த்தாள். பல்லால் குதறிய நுனி. மருதமுத்துவின் முகத்தைப் பார்த்தாள். பையிலிருந்து ஒரு ரப்பர்க் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததையும் பார்த்தாள்.

“அந்த ரோல் பழுதாத்தான் வந்தீக்கும் வாப்பா,” என்றாள். “கொம்பனிக்குச் சொல்லணும்.”

“பாத்தியா? முடிச்சு நிண்டீக்கி!” மஷூரின் முகம் மலர்ந்தது. உடனே தட்டிலிருந்து புது ரோல் ஒன்றை எடுத்து நீட்டினார். “இதக் கொண்டு போ மருதை. இது வேற. இதுல ஒருக்காப் போட்டுப் பாரு. ரெண்டு பேரும் ஆத்துக்கே போவம், நீ தள்ளிக்கொண்டு போ. நான் முடிச்சுப் போட்டுத் தாறன்.”

மருதமுத்து ரோலை வாங்கினார். நூலைக் கொஞ்சம் உருவி, விரலில் சுற்றி, இழுத்துப் பார்த்தார். அதே வழவழப்பு. பாசியை அறுக்கும், மீனைக் கைக்கே கொண்டுவரும், எல்லாம் சரி. ஆனால் ஒரு நூல் நல்ல நூல் என்றால் முடிச்சுப் போடுகிறவனின் கையைப் பார்த்து வழுக்குமா? எவ்வளவோ மழை, எவ்வளவோ மீன், அந்த எச்சில் முடிச்சைத் தங்கூசி ஒரு நாளும் கைவிட்டதில்லை.

“நாளைக்கு ஆத்துக்குப் போவோம்,” என்றார். “ஒன்னைத் தள்ளிக்கிட்டே போறேன். தங்கூசி கொண்டா.”

“அட பிடிவாதக்காரா, இது நல்ல நூல்டா!”

“எவன் சொன்னான், வெள்ளைக்காரனா?”

ரோலைக் கவுண்டரில் வைத்துத் தள்ளினார். அது உருண்டு ஆணிப் பெட்டியில் முட்டி நின்றது. வாளியைத் தூக்கிக்கொண்டு, பையிலிருந்த ரப்பர்க் காலை ஒரு விரலால் உள்ளே அமுக்கிக்கொண்டு, மீனை ஆற்றில் விட்டுவர நடந்தார். பின்னால் மஷூர் இன்னும் நூலின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மருதமுத்து திரும்பிப் பார்க்கவில்லை.

“குப்பை,” என்றார் வாளிக்குள்ளே இருந்த மீனிடம்.