ஒறம்பரை காலில் சேறு

கருப்பாத்தாளுக்கு வாய் நீளம் என்று ஓடையம்பதியில் கேட்காமலே சொல்வார்கள். சொல்லட்டும். நீளமான அந்த வாய் பேச வேண்டிய இடத்தில் ஒரே ஒரு தடவைதான் மூடிக்கிடந்தது. அந்த ஒரு தடவையில் ஊருக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் கதை.

மலையாளச் சீமைக்குள், கஞ்சிக்கோட்டைத் தாண்டி, கோயமுத்தூர் ரோட்டை விட்டு இரண்டு மைல் உள்ளே போனால் ஓடையம்பதி. ஊருக்கு முன்னால் கோரைப்பள்ளம். நாற்பது ஏக்கர் சேறும் கோரையும் நாரையுமாகக் கிடக்கும். அடியில் ஊற்று இருப்பதால் சித்திரை வெயிலில் கூட முழங்கால் தண்ணீர் குறையாது. சுற்றுவட்டாரமே வறண்டு நாக்கைத் தொங்கப் போட்ட வருஷத்திலும் கருப்பாத்தாளின் கிணற்றில் ஆறு முழம் தண்ணீர் நின்றதென்றால் அது பள்ளத்தின் புண்ணியம். புருஷன் செத்து ஒன்பது வருஷமாகிறது. அவளுக்கு இருப்பது அந்தக் கிணறும் மூன்று ஏக்கர் நெல்வயலும்தான். பள்ளம் மூடினால் கிணறு போச்சு, கிணறு போனால் வயல் மேட்டாங்காடு. இதைப் புரிந்துகொள்ள யாரும் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை.

எழுபத்து நாலாம் வருஷம் தை மாதத்தில் இரும்பை உருக்கிக் கம்பி செய்கிற ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். பள்ளத்தின் தெற்குக் கரையோரம் பதினைந்து ஏக்கரை டவுன் வக்கீல் ஒருவரிடமிருந்து கிரயம் வாங்கிவிட்டார்கள். அந்த வக்கீல் தன் ஆயுசில் பள்ளத்தை எட்டிப் பார்த்தவர் இல்லை. ஆனாலும் கம்பெனியால் உடனே கல் நட முடியாது. நெல் விளையும் நிலத்தையும் தண்ணீர் நிற்கும் நிலத்தையும் இஷ்டத்துக்கு மண் போட்டு மூடக்கூடாது என்று சர்க்காரில் சட்டம் இருந்தது. பஞ்சாயத்து ஆட்களோடு ஒரு ஆபீசர் நேரில் வந்து பார்க்க வேண்டும், ஊர்க்காரர்களைக் கேட்க வேண்டும், பார்த்ததையும் கேட்டதையும் எழுதி ஆட்சேபம் உண்டா இல்லையா என்று மேலே அனுப்ப வேண்டும்.

"நேருல வர்றாங்களாமுங்க நங்கை. மாசி பதினெட்டு," என்று செய்தி கொண்டுவந்தவர் குப்பண்ணன். கருப்பாத்தாளின் புருஷனுக்குத் தம்பி. அந்த வார்டுக்குப் பஞ்சாயத்து மெம்பரும் அவர்தான். பூனை மாதிரி சத்தமில்லாத மனுஷன், அடுத்தவர் வருத்தப்படுவதைப் பார்க்கச் சகிக்காது.

"வரட்டுமுங்க கொழுந்தனாரே. வந்து கண்ணால பாத்தாப் போதும். பள்ளத்தப் பாத்தவன் எவன் அதுல கம்பி உருக்கச் சொல்லுவான்?" என்றாள் கருப்பாத்தாள்.

அந்த நம்பிக்கை ஊர் முழுக்க இருந்தது. கடை வைத்திருந்த சைனுதீன், மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்தவர், உட்கார்ந்து ஒரு மனு எழுதினார். வருஷம் பன்னிரண்டு மாதமும் இங்கே முழங்கால் தண்ணீர் நிற்கிறது, முப்பது கிணறுகளுக்கு இதுதான் தாய் என்று எழுதி எல்லோரிடமும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினார். கருப்பாத்தாளின் பெருவிரல்தான் முதலில் விழுந்தது.

மனு தயார். இனி ஆபீசர்கள் வரவேண்டும். எப்படி வருவார்கள்? பள்ளத்தைச் சுற்றி வண்டித்தடம் கிடையாது. தெற்குக் கரையோரமாகச் சேற்றில் இறங்கித்தான் வர வேண்டும்.

இங்கேதான் ஓடையம்பதிக்காரர்களின் பெரிய மரியாதை குறுக்கே வந்து படுத்துக்கொண்டது. ஓடையம்பதிக்குப் பொண்ணு கொடுக்கிறவர்களோ எடுக்கிறவர்களோ சீர்த்தட்டோடு வரும்போது அந்தச் சேற்றில்தான் இறங்க வேண்டும். ஒறம்பரை என்று வந்த விருந்தாளியின் காலில் சேறு படவிட்டால் ஊருக்கே தலைக்குனிவு. அதனால் விருந்தாளி வருவதற்கு ஏழு நாள் முன்பே மடைப் பலகையைத் தூக்கித் தண்ணீரை ஆற்றுக்கு விட்டுவிடுவார்கள். தெற்குப் பக்கம் மேடு, அதனால் அங்கேதான் முதலில் வடியும். வெயிலில் மேல்மண் இறுகியதும் கோரையை அறுத்து, வைக்கோல் பரப்பி, ஆற்று மணலைக் கொட்டிப் பாதை போடுவார்கள். ஒறம்பரை திரும்பிப் போனதும் பலகையை இறக்கினால் பத்து நாளில் ஊற்று மறுபடி நிரப்பிவிடும். இதில் இன்னொன்றும் உண்டு. பட்ட சிரமத்தை ஒறம்பரை காதில் போடக்கூடாது. உனக்காகத்தான் இத்தனையும் செய்தோம் என்று சொல்லிக்காட்டுவதை விட அவன் சேற்றில் விழுவதே மேல் என்று நினைக்கிற ஊர் அது.

மடைப் பலகையைத் தூக்கும் பாத்தியதை கருப்பாத்தாள் குடும்பத்துக்கு. புருஷனுக்குப் பிறகு அவள்தான் தூக்குவாள்.

மாசி பதினொன்றாம் தேதி காலையில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தன் கையால் பலகையைத் தூக்கினாள். தண்ணீர் குபுகுபுவென்று போனது. குப்பண்ணன் வைக்கோல் பரப்பினார். மணல் சுமக்கச் சைனுதீன் கடைச் சாக்குகளைக் கொடுத்தார். ஊரில் இருநூறு பேர் இருந்தார்கள். அட, ஒரே ஒருத்தர் மண்டையில் அது உறைத்திருக்கக் கூடாதா? வருகிறவன் தண்ணீரைப் பார்க்கத்தான் வருகிறான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததெல்லாம் பெரிய மனுஷர்கள் வருகிறார்கள், காலில் சேறு படக்கூடாது என்பதுதான்.

பதினெட்டாம் தேதி ஜீப்பில் நாலு பேர் வந்தார்கள். ஆபீசர் சிவப்பாக, கட்டையாக இருந்தார். நல்ல பழுப்பு ஷூ போட்டிருந்தார். பஞ்சாயத்து பிரசிடெண்ட் பின்னால் வந்தார். இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். ஆபீசர் மணல் பாதையில் நடந்தார். பாதையை விட்டு இறங்கியும் நாலடி நடந்து பார்த்தார். குடை நுனியால் தரையைக் குத்தினார். டக்கென்று சத்தம் வந்தது.

"ஈ ஸ்தலம் எப்பவும் இப்படித்தானா?" என்று மலையாளம் கலந்து, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

கருப்பாத்தாள் பக்கத்தில்தான் நின்றாள். இல்லைங்க, மடையைத் தூக்கி ஏழு நாளாச்சுங்க என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் செய்ததைச் சொல்லிக்காட்டுகிற மாதிரி ஆகிவிடுமே. வீட்டுக்கு வந்தவனிடம் அந்தச் சின்னத்தனம் செய்வாளா? கூச்சத்தோடும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையோடும் சிரித்துக்கொண்டு சொன்னாள்:

"நீங்க தைரியமா நடங்க சாமி. காலுல ஒரு பொட்டுச் சேறு ஒட்டாதுங்க."

ஆபீசர் தலையாட்டினார். கூட வந்த கிளார்க் எழுதினான். போகும்போது சைனுதீன் மனுவை நீட்டினார். அதையும் வாங்கிப் பைலில் வைத்துக்கொண்டார்கள். எழுதியதற்குக் கீழே ஊர்க்காரர் ஒருவர் சாட்சி வேண்டும் என்றான் கிளார்க். கருப்பாத்தாள் முந்திக்கொண்டு பெருவிரலை நீட்டினாள். ஜீப் போனதும், "ஷூவுல ஒரு துளி மண்ணு இல்லீங்க, பாத்தீங்களா?" என்று குப்பண்ணன் பூரித்துப்போனார். அன்று எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

சித்திரை கடைசியில் உத்தரவு வந்தது. சைனுதீன் கடை முன்னால் ஊர் கூடியது. அவர் முதலில் மனதுக்குள் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"என்ன போட்டிருக்குதுங்க பாய்?" என்றாள் கருப்பாத்தாள்.

"அக்கா, இத நான் படிக்கணுமா?"

"ஏன், கடிச்சிருமா? படிங்க."

சைனுதீன் வரிவரியாகத் தமிழில் சொன்னார். நிலத்தை நேரில் பரிசோதித்தோம். தண்ணீர் இல்லை, சேறு இல்லை. தரை இறுகி, வண்டி ஓடும் நிலையில் உள்ளது. முழங்கால் தண்ணீர் நிற்பதாக மனுவில் சொல்லியிருப்பது பொய். அப்புறம் தலையைத் தூக்காமலே படித்தார்: "காலுல ஒரு பொட்டுச் சேறு கூட ஒட்டாதுன்னு அடுத்த நிலத்து விவசாயி கருப்பாத்தாள் தானா முன்வந்து சொல்லிக் கைநாட்டு வெச்சிருக்காங்க. அதனால கட்டடம் கட்ட ஆட்சேபம் இல்ல."

எல்லோரும் தன் பெருவிரலையே பார்ப்பதுபோல் பட்டுக் கருப்பாத்தாள் அதை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

மறுநாளே குப்பண்ணனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி ஆபீசுக்குப் போனாள். பதினொரு மணிக்குப் போனவர்களை மூன்று மணிக்கு உள்ளே விட்டார்கள்.

"சாமி, நாங்கதானுங்க தண்ணிய வடிய விட்டோம். உங்களுக்கொசரந்தானுங்க. உங்க காலுல சேறு படக்கூடாதுன்னு," என்றாள்.

ஆபீசர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னைக்கு ஏன் சொல்லல?"

என்ன சொல்வாள்? சொன்னால் உங்களுக்கு மரியாதைக் குறைவு என்று வாயை மூடிக்கொண்டேன் என்றா? அந்த அறையில் அப்படிச் சொன்னால் பைத்தியம் என்பார்கள். குப்பண்ணன் மென்று விழுங்கிவிட்டு, "இப்ப வந்து பாருங்க சார். முழங்கால் தண்ணி நிக்குதுங்க," என்றார்.

"ஒரு பைலுக்கு ஒரு பரிசோதனை. உத்தரவாகிப் போச்சு. இனி நான் வந்தா, முதல்ல பார்த்தது தப்புன்னு நானே எழுதணும்," என்றார் ஆபீசர். கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு, கொஞ்சம் குரலை இறக்கி, "அம்மா, நான் கண்டதத்தான் எழுதினேன்," என்றார்.

அதுதான் அவளை அறுத்தது. அந்த மனுஷன் பொய் எழுதவில்லை. லஞ்சம் வாங்கியிருந்தால் மண்ணை வாரித் தூற்றியாவது ஆறியிருப்பாள். ஷூவும் குடையுமாக ஒழுங்காக வந்து, ஒழுங்காகப் பார்த்து, ஒழுங்காக எழுதிவிட்டுப் போயிருக்கிறான். யாரைத் திட்டுவது? பஸ்ஸில் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

ஊரில் அவளுக்கு அந்தச் சிரமம் வைக்கவில்லை. மணல் சுமந்த அதே ஆட்கள், கருப்பாத்தாள் கம்பெனியிடம் எதையோ வாங்கிக்கொண்டுதான் மடையைத் தூக்கினாள் என்று பேச ஆரம்பித்தார்கள். அவர்கள் வீட்டு வைக்கோலும் அந்தப் பாதையில் கிடந்ததே, அது மறந்துபோயிற்று. தண்ணீர் சேந்த வருகிற பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். வாயாடியான அவள் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. என்னவென்று சொல்லிச் சண்டை போடுவாள்? பலகையைத் தூக்கியது அவள் கைதானே.

ஆடி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. பள்ளம் கரை தொட்டு நிறைந்தது. கோரை புதிதாகத் தழைத்தது. நாரைகள் வந்து இறங்கின. பார்க்கப் பார்க்க கருப்பாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தத் தண்ணீர் மாசியில் நின்றிருந்தால் என்ன?

ஒருநாள் மத்தியானம் செம்மண் ஏற்றிய முதல் லாரி வந்தது. உத்தரவை நம்பி நேராகத் தெற்குக் கரையில் வண்டியை இறக்கினார் டிரைவர். இருபதடி போனதும் முன்சக்கரம் அச்சு வரை புதைந்தது. எஞ்சின் உறுமிய உறுமலில் நாரைகள் எழுந்து போயின. டிரைவர் இறங்கினார். சேலத்துப் பக்கத்து ஆள், தலை நரைத்தவர். இறங்கிய வேகத்தில் தொடை வரை சேற்றில் போய்விட்டார். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

கருப்பாத்தாள் வரப்பில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று பார்த்தாள்.

"அம்மா, கொஞ்சம் வைக்கோல் கிடைக்குங்களா? சக்கரத்துக்கு அடியில போடணும்," என்று கத்தினார் அவர்.

"எதுக்குங்க வைக்கோலு? அது காஞ்ச நிலமுங்க. சேறே இல்லைன்னு சர்க்காருல எழுதிக் கொடுத்திருக்கறாங்க. நானே கைநாட்டு வெச்சிருக்கறேன். சும்மா ஓட்டுங்க," என்றாள்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மழைத் தண்ணீரை முகத்திலிருந்து வழித்துவிட்டு வெறும் கையால் சக்கரத்தடியில் சேற்றைத் தோண்டத் தொடங்கினார். ஒரு காலை எடுத்தால் மறு கால் போனது. செருப்பு உள்ளேயே போய்விட்டது.

கருப்பாத்தாள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று பத்தடி நடந்தாள். எதிரே குப்பண்ணன் அவளுடைய வைக்கோல் போரிலிருந்தே ஒரு கட்டு உருவித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவளைப் பார்த்ததும் திருடன் மாதிரி நின்றார்.

"ஏனுங்க, புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? நம்ம வாயில மண்ணு போட வந்திருக்கறான் அவன்."

"தெரியுமுங்க நங்கை." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வந்தவன் சேத்துல நிக்கறானுங்க. என்னால பாத்துட்டு இருக்க முடியலீங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். டிரைவர் இப்போது இடுப்பு வரை இருந்தார். லாரியின் பலகையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அப்பா வயசிருக்கும். கருப்பாத்தாளுக்கு அவர் மேலும் குப்பண்ணன் மேலும் ஆத்திரம் பொங்கியது. எல்லாவற்றையும் விட, தன் ஊர் மேலும் தன் மேலும் பொங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது, மழையோடு போய்விட்டது.

"ஒரு கட்டு எந்த மூலைக்குப் பத்தும்?" என்றாள். "ரெண்டு பக்கச் சக்கரத்துக்கும் போடோணும். இன்னும் மூணு கட்டு எடுத்துட்டு வாங்க. நானும் வர்றேன்."

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். டிரைவரின் கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினாள். அவளும் குப்பண்ணனுமாக வைக்கோலைத் திணித்தார்கள். எஞ்சின் மூன்றாவது தடவை உறுமியபோது சக்கரம் பிடித்தது. லாரி ஆடி ஆடி மேலே ஏறியது. "நல்லா இருப்பீங்க தாயி," என்று டிரைவர் கும்பிட்டார். அப்புறம் இறுகின இடமாகப் பார்த்து வண்டியைப் பின்னுக்கு ஒதுக்கினார். அங்கே இறுகின இடம் என்று இருந்தது மடைக்கரை ஒன்றுதான். பின்பலகையைத் திறந்துவிட்டார். செம்மண் முழுவதும் சரிந்து அவள் மடையில் விழுந்தது.