மூன்றாம் ஓலை

“நாங்க கேட்டோமா? நீயாத்தானே மனுவைத் திருப்பி வாங்கினே!”

மகதலேனா அம்மாளின் குரல் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸின் கடைசி வீடு வரை கேட்டது.

“‘கட்டிக்கப்போறவங்க ரெண்டு பேரும் ஒரே வேலைக்கு எழுதிப் போட்டா ஊர் சிரிக்கும்’னு சொன்னது யாரு, அத்தை?” என்றாள் பெர்னடெட். வாசலிலேயே நின்றாள், உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு இராஜம்மா, காய்ந்த துணியையே மூன்றாம் முறை உதறிக் கொடியில் போட்டாள். காய்கறி வாங்கப் பாசாருக்குப் புறப்பட்டவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

விஷயம் இதுதான். கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார் வேலை ஒன்றே ஒன்று. பெர்னடெட்டும், அவளுக்கு நிச்சயித்த ரபேலும் மனு போட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மாதா கோயிலில் ஜோடியின் பெயரை ஓலையாக வாசிப்பது வழக்கம்; முதல் ஞாயிறு இவர்கள் ஓலையை வாசித்தார்கள். திங்கட்கிழமையே அவள் விலகிக்கொண்டாள். அதோடு விட்டாளா? நேர்காணலுக்கு அவனுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தாள். இரண்டாம் ஓலைக்குள் வேலை அவனுக்கு. மூன்றாம் ஞாயிறு இவர்கள் ஓலை வரவில்லை; சாமியார் வேறு யார் பெயரையோ வாசித்தார். சிங்கப்பூர்த் தலைமைக் குமாஸ்தா ஒருவர் ரபேலுக்குத் தம் மகளைத் தருவதாக எழுதியிருந்தாராம்.

ரபேல் தன் தாய் மகதலேனா அம்மாளின் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

“நான் சொல்லிக் குடுத்த பாடம் ஞாபகம் இருக்கா? சோடியத்துக்கு வெளி வட்டத்துல எத்தனை எலக்ட்ரான்?” என்று அவனைக் கேட்டாள் பெர்னடெட்.

“ஒண்ணு. குளோரினுக்கு ஏழு. சோடியம் தன்னோட ஒண்ணைக் குடுத்துடும், குளோரினுக்கு எட்டு நெறைஞ்சிடும்.” வாத்தியார் அல்லவா, குரல் தானாக உயர்ந்தது. “சோடியம் பாசிட்டிவ், குளோரின் நெகட்டிவ். ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கும். அந்த இழுப்புதான் கட்டு.”

இழுப்புதான் கட்டு, கொடுப்பது அல்ல. பத்துத் தடவை அவனுக்குச் சொன்னவள், தன் விஷயத்தில் மட்டும் கொடுத்ததையே கட்டு என்று நம்பியிருந்தாள். பெர்னடெட்டின் காது சூடேறியது.

“ரெண்டும் சேர்ந்த அந்த உப்பு தண்ணியில கரைஞ்சா?”

“ரெண்டும் பிரிஞ்சிடும்.”

“சோடியம் குடுத்த அந்த எலக்ட்ரான்?”

“குளோரின்கிட்டயேதான்,” என்றான், உற்சாகமாக.

“சரி,” என்றாள், பாடம் கேட்ட பழக்கதோஷத்தில். பிறகு படியிறங்கினாள். இராஜம்மாவுக்கு எலக்ட்ரானும் தெரியாது, குளோரினும் தெரியாது. ஆனாலும் துணியைக் கீழே போட்டுவிட்டாள்.

கல்யாணம் நடத்தாத தவக்காலம் தொடங்கும் முன்பே சிங்கப்பூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு ரபேல் கிள்ளானில் குடியேறினான். மகதலேனா அம்மாளும் கூடவே போனாள். பெர்னடெட் ரவாங்கில் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கப் போனவள், யாரையும் கட்டிக்கொள்ளவில்லை.