சின்னவளின் கண்

"அந்தச் சோடாபுட்டியைக் கழட்டித் தொலைடி! அவங்க வர்ற நேரமாச்சு." கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அம்மா பல்லைக் கடித்தாள்.

"கழட்டிட்டு எப்படிம்மா மருந்து விடறது? கண்ணுக்குப் பதிலா மூக்குல விட்டுடுவேன்" என்றாள் மூத்தவள்.

அவள் கண் பரிசோதனைப் படிப்பை முடித்து அங்கே டாக்டருக்கு உதவியாளராகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கண்ணாடி போட்டவள் என்று வந்த சம்பந்தம் தட்டிப்போனதும், வீட்டார் அவளை ஓரங்கட்டிவிட்டுச் சின்னவளுக்கு மாப்பிள்ளை தேடக் கிளம்பிவிட்டார்கள். இன்று மாப்பிள்ளையின் அம்மா கண்ணைக் காட்ட மகனோடு வருகிறாள். அப்படியே பெண்ணையும் பார்த்துவிடலாம் என்று ஏற்பாடு. மூத்தவள் மட்டும் அக்கா என்று காட்டிக்கொள்ளக் கூடாது. குடும்பத்துக்கே பார்வைக் கோளாறு என்று சொல்லிவிடுவார்களாம்.

சின்னவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கண்ணா அது! பாதி மூடி, வெட்கம் வழிகிற அந்தப் பார்வையைப் பாராட்டாத ஆளில்லை. மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவள்தானே, இவளுக்கு மட்டும் என்ன கொடுப்பினை! மனசுக்குள் திட்டிக்கொண்டே, வந்து சேர்ந்த மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட்டாள்.

"கொஞ்ச நேரம் மங்கலாத்தான் இருக்கும்மா. தனியா எழுந்து நடக்காதீங்க."

சின்னவள் எழுந்து, பதமாகச் சிரித்து, வணக்கம் சொன்னாள். மாப்பிள்ளைக்கல்ல, அவனுக்குப் பக்கத்தில் நின்ற வாட்ச்மேனுக்கு.

"வெக்கம், வேற ஒண்ணுமில்ல" என்று அம்மா சமாளித்தாள்.

வெட்கமாவது! கண்ணை இடுக்கிப் பார்க்கிறவர்களை நாள் முழுக்கப் பார்ப்பவள் மூத்தவள். மாட்டினாயா என்று ஒரு கணம் உள்ளே இனித்தது. அங்கேயே போட்டு உடைக்க வாய் துறுதுறுத்தது. ஏனோ முடியவில்லை. தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பரிசோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"படிடி."

சின்னவள் எழுத்து அட்டையைக் கடகடவென்று ஒப்பித்தாள். அக்கா படிக்கிற காலத்தில் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த அதே அட்டை. மூத்தவள் வேறு அட்டையை மாட்டினாள். சின்னவள் கண்ணை இடுக்கி முன்னால் சாய்ந்தாள்; முதல் எழுத்தே பிடிபடவில்லை.

"எப்ப இருந்துடி இப்படி?"

"ரொம்ப நாளாக்கா. உன்னை வேணாம்னுட்டுப் போனப்ப அம்மா அப்படி அழுதாங்களே, அப்புறம் எந்த வாயால சொல்றது? ரோட்டைத் தாண்டறதுக்குள்ள உசிரு போயி உசிரு வரும். நீ பாட்டுக்குக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு வீசி நடக்கறதப் பாத்தா எனக்கு அவ்வளவு பொறாமையா இருக்கும்க்கா."

மூத்தவள் வில்லைப் பெட்டியைத் திறந்தாள். இந்தக் கண்ணுக்கா இத்தனை நாள் வெந்து செத்தேன்! பரிசோதனைக் கண்ணாடிச் சட்டத்தைத் தங்கைக்கு மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டாள். கடைசி வரிசையையும் சின்னவள் தடுமாறாமல் படித்தாள்.

"இப்படியே வெளியே போறேன்க்கா."

அந்த வட்டச் சட்டத்தோடு அவள் வந்து நின்றதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பொண்ணு எப்படிடா இருக்கா? எனக்கு எல்லாம் புகையா இருக்கு" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"கண்ணாடி போட்டிருக்கும்மா."

"ஐயையோ, வேணாம்டா! கண்ணு தெரியாதவளைக் கட்டிக்கிட்டு யாரு மாரடிக்கிறது?" என்று விருட்டென்று எழுந்தவள், வழி தெரியாமல் சுவரைத் தடவினாள்.

சின்னவள் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர் ரூம் இந்தப் பக்கம். படி இருக்கு, மெதுவா வாங்க." பிறகு மாப்பிள்ளையை உச்சி முதல் பாதம் வரை நிதானமாகப் பார்த்தாள். "நானும் இப்பத்தாம்மா உங்க பையனைப் பாக்கறேன். எனக்கும் வேணாம்."