முதல்வர் அறைத் தண்ணீர்

எங்கள் ஊர்க் கல்லூரியில் முதல்வர் அறைக்குள் மட்டும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கத் தொடங்கியது தொண்ணூற்றாறாம் ஆண்டு ஐப்பசியில். மழைத் தண்ணீர் என்றார்கள். மழை விட்டது. மேட்டூர் திறக்காத வருடங்களில் வயல்கள் பாளம் பாளமாக வெடித்தன. அறைத் தண்ணீர் அப்படியே நின்றது. பம்பு வைத்து இறைத்தார்கள், தரையைப் பெயர்த்து சிமெண்டு போட்டார்கள், பிறகு பழகிவிட்டார்கள். கையெழுத்து வாங்கப் போகிறவர்கள் பேண்டை மடித்துவிட்டுக்கொள்வார்கள். தவளைகளைப் பியூன் பிடித்து வெளியே விடுவார்.

அந்த ஐப்பசியில்தான், கீழ்வேளூர் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த அமலி, வேதியியல் பேராசிரியர் செல்லதுரை ஆய்வகக் கதவைச் சாத்தித் தன்னைப் பலவந்தப்படுத்தினார் என்று புகார் கொடுத்தாள். கல்லூரி செய்த முதல் வேலை அவளுடைய அப்பாவுக்கு ஆள் அனுப்பியது. குழந்தைராஜ் நடவு வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்தார். முதல்வர் டீ வரவழைத்தார். அமலி பாதி சொல்லியிருப்பாள், "பொண்ணோட எதிர்காலத்தையும் பாக்கணுமில்லிங்களா," என்றார் முதல்வர் இதமாக. இந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு ஒரு பழக்கம். வாய்க்கால் உடைத்துக்கொண்டால் யாரால் உடைந்தது என்று கேட்டுக்கொண்டு நிற்கமாட்டார்கள். தன் வயல் பக்கத்து உடைப்பை முதலில் அடைப்பார்கள். குழந்தைராஜும் அதையே செய்தார். "நாங்க பாத்துக்கிறோம் சார். டி.சி. குடுத்துடுங்க."

"அப்பா, நான் இன்னும் முடிக்கல," என்றாள் அமலி. அப்போதுதான் அவள் நாற்காலிக்கு அடியில் தண்ணீர் ஊறியது. டி.சி. நனைந்துபோனதால் இன்னொன்று எழுதிக் கொடுத்தார்கள்.

அவள் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டு மஸ்கட் போனாள். போனில் அம்மாவோடு மட்டும் பேசுவாள். செல்லதுரை துறைத்தலைவரானார். மாலை போட்டவர்களில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும்.

செல்போன் வீட்டுக்கு வீடு வந்த காலத்தில், கனிமொழி என்ற மாணவி அதே ஆள்மேல் அதே புகாரைக் கொடுத்தாள். செய்தி வந்தபோது குழந்தைராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தன் பக்கம் அடைத்தால் தண்ணீர் அடுத்தவன் வயலில் ஏறும் என்று தெரியாதவரல்ல; அதற்காக எத்தனையோ பேரோடு சண்டை போட்டவர். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு, மனைவியிடம் மகளின் நம்பரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

அறையில் புது முதல்வர் கனிமொழியின் அப்பாவுக்கு டீ சொல்லியிருந்தார். குழந்தைராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, மஸ்கட்டுக்குப் போன் போட்டார்.

"அமலி, அப்பா பேசுறேம்மா. அந்த ரூம்லதான் நிக்கிறேன். அதே ஆளு மேல இன்னொரு பொண்ணும் புகார் குடுத்துருக்கு, இங்கதான் நிக்குது. அன்னைக்கு விட்ட எடத்துலேர்ந்து சொல்லு, நான் கேக்குறேன்."



"அன்னைக்குக் கேட்டிருக்கணும்ப்பா," என்றாள். "போனை அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துட்டு வெளிய நில்லுங்க."

கொடுத்துவிட்டு வெளியே நின்றார். உள்ளே அமலி முழுவதையும் சொல்லி முடித்தாள். அதன்பிறகு கனிமொழி டி.சி. வாங்க மறுத்துவிட்டாள். செல்லதுரையை விருப்ப ஓய்வு என்று பெயர் வைத்து மரியாதையாகவே அனுப்பினார்கள்.

அறைத் தண்ணீர் வடியவில்லை. குழந்தைராஜின் காலும் அன்றிலிருந்து காயவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவர் நிற்கும் இடம் ஈரமாகிவிடும். பங்குச் சாமியார் அங்கே ஒரு சாக்கு போட்டு வைத்திருக்கிறார்.