ஒரு ஜமுக்காளம், இரண்டு பேர்

ரவிக்கை தைத்துத் தைத்தே ஜெயசீலிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. முகப்பேர் குடியிருப்பில் பாதிப் பெண்களின் ரவிக்கை அவள் மிஷினில்தான் உருவானது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து தைத்துவிட்டு எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர முடியும். டாக்டர் மாத்திரை கொடுத்துப் பார்த்துவிட்டு, "யோகா பண்ணுங்கம்மா" என்று சொல்லிவிட்டார்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். குடியிருப்போர் சங்கக் கட்டடத்தில் ராஜம்மா டீச்சர் பெண்களுக்கு மட்டும் யோகா வகுப்பு ஆரம்பித்திருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு நடக்கும். கட்டணம் கிடையாது. விரிப்பை மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.

ஜெயசீலி வீட்டிலிருந்த கோரைப்பாயைச் சுருட்டிக்கொண்டு போனாள். குப்புறப் படுத்துக் கைகளை ஊன்றி இடுப்பைத் தூக்கச் சொன்னார் டீச்சர். அவள் காலை உந்தினாள். மொசைக் தரையில் பாய் அவளையும் ஏற்றிக்கொண்டு சர்ரென்று வழுக்கி, முன்னால் இருந்த குப்பம்மாவை இடித்துத்தான் நின்றது.

"இன்னாம்மா, வண்டிக்கு பிரேக் இல்லியா?" என்றாள் குப்பம்மா.

வகுப்பே சிரித்தது. ஜெயசீலிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இடுப்பு இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டது.

அடுத்த நாள் பிளாஸ்டிக் பாய். அது வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டு, அவள் எழுந்தபோது கூடவே எழுந்தது. போர்வையை மடித்துப் போட்டுப் பார்த்தாள், காலுக்கடியில் சுருண்டுகொண்டது. டீச்சர் வைத்திருந்தது தடித்த ரப்பர் விரிப்பு. வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பியதாம். அதே மாதிரி ஒன்று அண்ணா நகர் உடற்பயிற்சிச் சாமான் கடையில் இருந்தது. விலையைக் கேட்டதும் ஜெயசீலி அதைக் கசங்காமல் மறுபடி சுருட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

"அந்தக் காசுக்குக் கட்டிலே வாங்கிடலாமே" என்றான் அவள் கணவன் வேதமுத்து.

"கட்டில்மேல ஏறி நின்னு பண்ணச் சொல்றியா?"

மறுநாள் கீழ்வீட்டு ஜுபைதா ரவிக்கை அளவு கொடுக்க வந்தபோது இந்தக் கதையெல்லாம் கேட்டாள். "நீ இன்னாத்துக்குக்கா அண்ணா நகர் போன? பூந்தமல்லில எங்கண்ணன் பாய்க்கடை வச்சிக்கினு கீறாரு. கெளம்பு."

பெங்களூர் சாலையை ஒட்டிய சின்னக் கடை அது. ஜுபைதாவின் அண்ணன் ஹாஜா மொய்தீன் எதைக் கேட்டாலும் உருவி விரித்துக் காட்டினார். ஜெயசீலி ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தாள். கையால் தடவினால் எல்லாமே நன்றாகத்தான் இருந்தன.

"தடவிப் பாத்தா எப்பிடிக்கா தெரியும்? படுத்துப் பாக்கணும்" என்றாள் ஜுபைதா.

"கடையிலயா? போடி!"

ஹாஜா மொய்தீன் ஷட்டரை முக்கால் பாகம் இறக்கிவிட்டார். "நான் டீ குடிச்சிட்டு வரேன். நீங்க பாத்து எடுங்க தங்கச்சி" என்று குனிந்து வெளியே போய்விட்டார்.

அப்புறம் இரண்டு பேருக்கும் கூச்சம் போய்விட்டது. ஜெயசீலி ஒவ்வொரு விரிப்பிலும் படுத்து, ஊன்றி, உந்திப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருந்த ஜுபைதாவும் பக்கத்தில் படுத்தாள். "இப்பிடியா?" என்று இடுப்பைத் தூக்கினாள். முதல் தடவையே டீச்சரைப்போல வளைந்தாள். ஜெயசீலி வாயைப் பிளந்தாள்.

கடைசியில் ஒரு பவானி ஜமுக்காளம் அசையாமல் நின்றது. நல்ல கனம், கால் உந்தியபோது இம்மிகூட நகரவில்லை. ஆனால் கல்யாண வீட்டில் பந்தி வரிசையாக உட்காரும் அளவுக்குப் பெரிசு. வாசலில் தொங்கி ஒரு ஓரம் வெயிலில் வெளுத்திருந்ததால், டீ குடித்துவிட்டு வந்த ஹாஜா மொய்தீன் விலையைக் குறைத்தார். குறைத்தும் ஜெயசீலிக்கு எட்டவில்லை.

"பாதியா வெட்டிக் குடுங்க பாய்" என்றாள்.

"வெட்டினா இழை பிரிஞ்சிடும் தங்கச்சி. ஒரு மாசத்துல நூலுதான் மிஞ்சும்."

ஜெயசீலி அதை மடிக்க ஆரம்பித்தாள். ஜுபைதா மறுமுனையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"வெட்ட வேணாம். பாதிக் காசு நான் போடறேன். நானும் வரேன்."

"வகுப்புக்கா? ஊட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"பொம்பளைங்க மட்டும்தானே? இன்னா சொல்லுவாங்க? எனக்கும் நாளெல்லாம் ஊட்லயே கெடந்து ஒடம்பு கனக்குதுக்கா."

ஹாஜா மொய்தீன் தங்கையை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சணல் கயிறு போட்டு ஜமுக்காளத்தை இறுக்கிக் கட்டிக்கொடுத்தார். பஸ்ஸில் அதைத் தங்கள் நடுவே உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். கண்டக்டர், "இதுக்கும் டிக்கெட் எடுங்கம்மா" என்று சிரித்தார்.

மறுநாள் சங்கக் கட்டடத்தின் பின்வரிசை முழுவதும் அந்த ஜமுக்காளம்தான். இரண்டு பேர் பாரம் ஏறியதும் தரையோடு தரையாகக் கிடந்தது. கண்ணை மூடி அவரவர் சாமியை நினைத்துக்கொள்ளச் சொன்னார் டீச்சர். ஜெயசீலி மனசுக்குள் ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள். பக்கத்தில் ஜுபைதாவின் உதடு மெல்ல அசைந்தது. இந்தத் தடவை காலை உந்தியபோது ஜெயசீலியின் இடுப்பு உயர்ந்தது. வலிக்கத்தான் செய்தது; ஆனால் உயர்ந்தது.

கடைசியில் மல்லாந்து படுத்து உடம்பைத் தளர்த்தச் சொன்னார் டீச்சர். கொஞ்ச நேரத்தில் ஜுபைதாவிடமிருந்து மெல்லிய குறட்டை கிளம்பியது. முன்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். எழுப்பலாமா என்று ஜெயசீலி கையை நீட்டினாள். டீச்சர் வேண்டாமென்று தலையசைத்தார்.

மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். ஜெயசீலிக்குத் தைக்க வேண்டியது நிறைய இருந்தது. ஆனாலும் எழுந்திருக்காமல், மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி தன் பாதியில் படுத்தே கிடந்தாள்.